கூட்டிச் சென்றவர்

நான் கெட்டவள் இல்லை என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை. அப்படித் தொடங்கிப் பார்த்தேன், இரண்டாவது வரியிலேயே இடறிவிட்டது. ஆகவே பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளைக்குக் கார்டியன் என்று மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தப் பிள்ளைக்கு அம்மை கண்ட அன்று, கண்டி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டே, கொழும்பில் இருக்கிறேன் என்று சொன்னவளும் நான்தான்.

பிள்ளையின் பெயர் நிலூஷா. ராஜலிங்கம் அண்ணனின் ஒரே மகள். அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, பெரியப்பா மகன். மடுல்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல்கணக்கில், அதாவது மேல்பிரிவில், அவருக்குத் தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை. அண்ணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடமாகிறது. அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டிலிருந்து பஸ் வரும் தெருவுக்கு ஐந்து கிலோமீட்டர் இறங்கவேண்டும். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ், மழை பெய்து மண் சரிந்தால் அதுவும் இல்லை. கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கவேண்டுமென்றால் கோவிலுக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறி நிற்கவேண்டும். பகல் முழுவதும் மலையில் நிற்கும் மனிதரைப் பகலில் யாரும் பிடிக்கமுடியாது.

நானும் அதே லயத்தில் பிறந்தவள்தான். புலமைப்பரிசில் சோதனையில் பாஸாகி, கண்டிக்கு விடுதியில் தங்கிப் படிக்க வந்தபோது, என் தகரப் பெட்டியைத் தலையில் வைத்து அந்த ஐந்து கிலோமீட்டரும் இறக்கிக்கொண்டு வந்தவர் இந்த அண்ணன். அவருக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். அவர் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். நான் படித்து, பேராதனையில் ஓர் அலுவலகத்தில் எழுதுநராகி, வங்கியில் வேலை பார்க்கும் சந்திரகுமாரைக் கட்டி, கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியில் வீடும் கட்டிவிட்டேன். லயத்தை மறந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மறக்கவில்லை. மறந்தவள்போல நடந்துகொள்ளப் பழகியிருந்தேன்.

போன வருடம் சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை அண்ணன் அந்த மேட்டிலிருந்து கூப்பிட்டார். காற்றுச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினார்.

"தங்கச்சி, பாப்பா எட்டு ஏ எடுத்திருக்கு. டொக்டருக்குப் படிக்கணுமாம். நம்ம பக்கம் உயர்தரத்துக்கு சயன்ஸ் இல்லன்னு ஒனக்குத் தெரியுமே. கண்டியில எடம் குடுக்கிறாங்க, போடிங்கும் குடுக்கிறாங்க. ஆனா டவுன்ல சொந்தக்காரங்க ஒருத்தர் கார்டியனா நிக்கணுமாம். எனக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா?"

நின்றேன். பெருமையாகத்தான் நின்றேன். விடுதிக் காரியாலயத்தில் மேட்ரன் படிவத்தை நீட்டி, நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். கார்டியன் இரத்த உறவாக இருக்கவேண்டும், நகரத்துக்குப் பக்கத்தில் வசிக்கவேண்டும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிள்ளையை வந்து கூட்டிச் சென்று ஞாயிறு மாலை கொண்டுவந்து விடவேண்டும். தொற்று நோய் என்றால் சொன்ன அன்றைக்கே கூட்டிச் செல்லவேண்டும். கார்டியன் விலகினால் பிள்ளைக்கு விடுதியில் இடமில்லை. அண்ணன் பக்கத்தில் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, நான் போட்ட மூன்று கையெழுத்தையும் ஏதோ ஓவியம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மாதம் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு தடவைதான். நிலூஷா தொந்தரவே இல்லாத பிள்ளை. சின்ன அறையில் படுத்தாள், விடிய எழுந்து படித்தாள், யாரும் சொல்லாமலே கோப்பை கழுவினாள். சனிக்கிழமை காலை அவள் முற்றத்தில் தன் உடுப்பைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சிங்களப் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "வேலைக்கு ஆள் எடுத்திட்டீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் கண்டியில் எந்த வீட்டில் நின்றாலும் வேலைக்கு நிற்கிறார்கள் என்றுதான் ஊர் நினைக்கும். என் அண்ணன் மகள், படிக்க வந்திருக்கிறாள் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? நான் சிரித்தபடி தலையாட்டினேன். அண்ணன் மகள் என்றால் எந்த ஊர் அண்ணன் என்று அடுத்த கேள்வி வரும், அதற்குப் பயந்தேன். நிலூஷா சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். சிங்களம் அவளுக்கு விளங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முதல் வெள்ளியும் எனக்கு ஏதாவது வந்துகொண்டேயிருந்தது. காய்ச்சல், கணக்காய்வு, வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது, கணவரின் பக்கத்தில் ஒரு சாவு. செத்தவருக்கு ஏழு வருடத்துக்கு முன்பே கருமாதி முடிந்திருந்தது. மேட்ரனுக்கு ஃபோன் செய்து சொல்லிவிடுவேன், பிள்ளையோடும் இரண்டு நிமிடம் பேசுவேன். "நல்லாப் படிம்மா, இன்னொரு நாளைக்கு வாறேன்" என்பேன். "சரி அத்தை" என்பாள். எண்பது பிள்ளைகள் இருக்கும் விடுதியில் அந்தச் சனி ஞாயிறுகளில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அந்தச் சாப்பாட்டறையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கம் உண்டு. தெரிந்துகொண்டே செய்ததுதான்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். மகள் தர்ஷிகாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வத்தளையிலிருந்து நாற்பது பேர் வருவதாக இருந்தது. நான் அரை நாள் லீவு போட்டு, தாம்பாளத்துக்கு ஜிகினாத் தாளும் ரிபனும் வாங்கிக்கொண்டு, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். அப்போதுதான் மேட்ரன் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து மனுஷி, சுற்றி வளைக்கத் தெரியாது.

"நிலூஷான்ர கார்டியனோ? பிள்ளைக்குக் கொப்புளிப்பான் போட்டிருக்கு. காய்ச்சலும் நெருப்பாக் காயுது. இஞ்ச வச்சிருக்க ஏலாது, மற்றப் பிள்ளையளுக்கும் தொத்திப்போடும். தகப்பன்ர ஃபோன் வேலை செய்யேல்ல. நாலு மணிக்கு முன்னம் வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

எங்கள் சனத்துக்கு அம்மை என்பது வெறும் நோயாக இருந்தால் பரவாயில்லை. அது அம்மா வந்து இறங்குவது. அம்மா இருக்கும் வீட்டில் தாளிக்கக்கூடாது, மச்சம் மாமிசம் ஆகாது, வெளியாள் நுழையக்கூடாது, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை எந்த நல்ல காரியமும் நடத்தக்கூடாது. வந்த அம்மாவை வராதே என்று சொல்லவும் கூடாது, அது எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம். எனக்கு அந்த நிமிடத்தில் முதல் பாதி மட்டும்தான் ஞாபகம் வந்தது. கையில் ஜிகினாத் தாள் பளபளத்துக்கொண்டிருந்தது.

"ஐயோ மிஸ், நாங்க கொழும்புல நிக்கிறோமே," என்றேன். வாய் கூசவில்லை. "திங்கக்கெழமைதான் வருவோம்."

சொல்லி வாய் மூடவில்லை, என் காதுக்குப் பக்கத்தில் ஒரு கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் அடித்து அடித்துக் கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களைக் கூவினான். "பேராதெனிய, பிலிமத்தலாவ, கடுகண்ணாவ."

அவன் இன்னொரு தடவை முழுப்பாட்டையும் பாடி முடித்தான்.

"சரி," என்றார் மேட்ரன். "நீங்கள் கொழும்பிலயே நில்லுங்கோ." ஃபோனை வைத்துவிட்டார்.

அன்று மாலை சந்திரகுமாரிடம் சொன்னேன். "நல்லவேளை, யோசிச்சுச் சொன்னீங்க," என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் குறைவில்லாமல் நடந்தது. திங்கட்கிழமை காலை, கொழும்பிலிருந்து திரும்பியவளாக, விடுதிக்கு ஃபோன் செய்தேன்.

"ஆள் வந்து அண்டைக்கே கூட்டிக்கொண்டு போட்டினம்," என்றார் மேட்ரன்.

யார் என்று நான் கேட்கவில்லை. அண்ணன்தான் எப்படியோ தகவல் கிடைத்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க வசதியாக இருந்ததை நினைத்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி. வேலை விட்டு வரும் வழியில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் இறங்கி ஒரு தேங்காய் உடைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை, பதினொரு மணிபோல, வாசலில் அண்ணன் நின்றார். தோளில் ஒரு உரப்பை, கையில் ஒரு கடைப்பை. அவருக்குப் பின்னால் நிலூஷா. முகத்தில் கறுப்பாகக் காய்ந்த வடுக்கள், நெற்றியில் மூன்று, மூக்கு நுனியில் ஒன்று. தண்டனை வாசலுக்கே வந்துவிட்டது என்று நினைத்தேன். திட்டட்டும், திட்டினால் நல்லது என்றும் தோன்றியது.

அண்ணன் உள்ளே வந்து உரப்பையை இறக்கினார். மரத்தக்காளி, ஒரு பூசணி, பழைய பேப்பரில் சுற்றிய வேப்பங்கொத்து. பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மருந்தடித்து வெடித்த கை, சொரசொரவென்றிருந்தது.

"ஒனக்கு நான் என்னா தங்கச்சி செய்யப்போறேன்," என்றார். கண் கலங்கியிருந்தது. "பாப்பா எல்லாம் சொல்லிச்சு. பத்து நாளும் பக்கத்துலயே இருந்து பாத்தியாமே. வேப்பங்கொத்தால நீயே தடவிவிட்டியாமே. மூணு தண்ணியும் ஒங்கையாலதான் ஊத்தினியாமே. எனக்கு விசயம் தெரிஞ்சப்ப அங்க மண்ணு சரிஞ்சு ரோடே இல்ல. அத்தை வீட்டுல இருக்கேன்னு பாப்பா சொன்ன பொறகுதான் எனக்கு உசுரே வந்துச்சு."

நான் நிலூஷாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பூசணியை எடுத்து மேசைக்கு அடியில் ஓரமாக வைத்தாள். சந்திரகுமார் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அது வந்து..." என்று தொடங்கினேன்.

"அத்தைக்கு இப்பிடியெல்லாம் சொன்னா புடிக்காதுப்பா," என்றாள் நிலூஷா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான் தொடங்கியதை மென்று விழுங்கினேன். அண்ணன் கடைப்பையைத் திறந்தார்.

எங்கள் பக்கத்தில் மூன்றாம் தண்ணீர் ஊற்றியவளுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார்கள். பெற்றவள் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு ஊற்றினால், ஊற்றியவள் பெற்றவளுக்குச் சமம். அண்ணன் கொண்டுவந்தது மஞ்சள் சேலை, சிவப்புக் கரை. வெற்றிலையில் மஞ்சள் கிழங்கை வைத்து, சேலையின்மேல் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். என்னைவிட நாலு வயது மூத்தவர், குனிந்து நீட்டினார்.

"கட்டிட்டு வா தங்கச்சி. கண்ணால பாத்துட்டுப் போறேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அலுமாரிக் கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே கட்டினேன். கொசுவம் மூன்று தடவை அவிழ்ந்தது. வெளியே போய் உண்மையைச் சொல்லிவிடு என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். சொன்னால் அந்த மனிதர் முகம் என்னவாகும் என்று யோசித்தேன் என்பது பொய். என் முகம் என்னவாகும் என்றுதான் யோசித்தேன்.

சேலையோடு வந்து நின்றதும் அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேத்தண்ணிகூட வேண்டாம் என்று எழுந்துவிட்டார். ஆனால் வாசல் பக்கம் திரும்பவில்லை.

"அம்மா இருந்துட்டுப் போன எடத்தக் காட்டு தங்கச்சி. ஒரு சூடம் காட்டிட்டுக் கெளம்புறேன். பின்னேர பஸ்ஸ விட்டா மேல போகமுடியாது."

அம்மை கண்டவர் படுத்திருந்த இடத்தில் கற்பூரம் காட்டி அம்மாவை வழியனுப்புவது வழக்கம்தான். எனக்கு அது தெரியாமலில்லை. ஆனால் அது என் வீட்டுக்குள் வந்து நிற்கும் என்று நான் எங்கே கண்டேன்? எந்த அறையைக் காட்டுவது? தர்ஷிகாவின் அறையையா?

"இங்க வாங்கப்பா," என்றாள் நிலூஷா.

ஒரே ஒரு தடவை வந்த வீட்டில், பின்பக்கமுள்ள சின்ன அறைக்கு நேராக நடந்தாள். அங்கே கட்டில் முழுக்க நிச்சயதார்த்தத் தாம்பாளங்கள், மிஞ்சிய ஜிகினாத் தாள், அயர்ன் பண்ணாத துணி மூட்டை. கட்டில் ஒரு மாதமாக யாரும் படுக்காத கட்டில் என்று பார்த்த எவருக்கும் தெரியும். நிலூஷா இரண்டு தாம்பாளத்தைத் தூக்கி அலுமாரிமேல் வைத்தாள். "இதெல்லாம் பொறகு வச்சது," என்றாள். "இங்கதாம்பா. தலைய ஜன்னல் பக்கம் வச்சுப் படுத்திருந்தேன்."

அண்ணன் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படும் மனிதராக இருந்தால் என்னைக் கார்டியனாக வைத்திருக்கமாட்டார். சட்டைப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து, நான் கொண்டுவந்த தட்டில் வைத்துக் கொளுத்தி, கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டார். தரையை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வந்த எடத்துல ஒன்னைய மொகம் கோணாம வச்சுப் பாத்தாங்க, தாயே," என்று சத்தமாகவே சொன்னார். "இந்த வீட்டுக்கு ஒரு கொறையும் வச்சிராத."

வெட்கம் என்றால் முகம் சிவப்பது என்று நான் நினைத்திருந்தேன். அன்று எனக்குக் கால் கூசியது. என் வீட்டுத் தரை, என் கணவரும் நானும் பார்த்துப் பார்த்துப் பதித்த டைல், அதில் நிற்க முடியவில்லை. மாரியம்மன் கோபக்காரி என்பார்கள். அவள் அப்போதே அந்தக் கற்பூரத்தை அணைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அது அழகாக, நின்று, கடைசிவரை எரிந்தது.

அண்ணன் கைகால் கழுவப் பின்பக்கம் போன நேரத்தில் நான் நிலூஷாவைச் சமையலறைக்குள் இழுத்தேன்.

"எங்க இருந்த?"

"மின்ஹா வீட்டுல அத்தை. பிலிமத்தலாவையில. மின்ஹா என் ரூம்தான். அவளுக்குப் போன வருசமே வந்துட்டுப் போயிருச்சு, அதால பயமில்ல. அவ உம்மா றம்லத் அன்னைக்கு அவளப் பாக்க வந்தாங்க. நான் பையக் கட்டிட்டு வெராந்தா பெஞ்சுல ஒங்களுக்காக உக்காந்திருந்தேன்."

"மேட்ரன் ஒன்கிட்ட என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஃபோன லவுட்ல போட்டுத்தான் பேசினாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தக் கண்டக்டரின் குரல் அந்த வெராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். ஏதாவது செய்யவேண்டும் என்று ஒரு கோப்பையை எடுத்துக் கழுவினேன். சுத்தமான கோப்பை.

"அவங்களுக்கு நம்ம வழக்கம் ஒண்ணும் தெரியாது," என்று நிலூஷா தொடர்ந்தாள். "ஒவ்வொண்ணா என்கிட்டயே கேட்டுக் கேட்டுச் செஞ்சாங்க. வேப்பெலைக்கு மூணு வீடு ஏறி எறங்கினாங்க. பத்து நாளும் அவங்க வீட்டுல எறைச்சி ஆக்கல. மின்ஹாட தம்பி அழுதான், அப்பவும் ஆக்கல."

"அப்ப ஏன் அப்பாகிட்ட என் பேரச் சொன்ன?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக.

"நெசத்தச் சொன்னா அப்பா என்னைய அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. கார்டியன் இல்லாம போடிங்ல வைக்கமாட்டாங்க. எனக்குச் சோதனைக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு அத்தை." கொஞ்சம் நிறுத்தி, மனப்பாடம் பண்ணி வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "நீங்க ஒரு ஒதவி செய்யணும். நான் வெளிய போன அன்னைக்கு புத்தகத்துல கூட்டிச் சென்றவர்ங்கிற எடம் சும்மா கெடக்கு. மின்ஹாட உம்மா பேரப் போட ஏலாது, அவங்க எனக்குச் சொந்தமில்ல. மேட்ரன் மிஸ் எனக்காகத்தான் எழுதாம விட்டாங்க. தவணைக் கடைசியில பிரின்சிபல் பாப்பாங்க. நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டிருங்க. அது மட்டும் போதும்."

"நிலூஷா, என்னைய மன்னிச்சிரும்மா."

"எனக்கு ஒங்க மேல கோவம் இல்ல அத்தை," என்றாள். "அந்தப் பக்கத்து வீட்டு அன்ட்டிக்கு நீங்க தலையாட்டினீங்களே, அன்னைக்குத்தான் அழுதேன். எனக்குச் சிங்களம் தெரியும்."

அண்ணன் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்தாள். பதினேழு வயதில் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாதத்தின் முதல் வெள்ளி. நான் சின்ன அறையைக் காலி பண்ணினேன். தாம்பாளங்களைக் கூரை அடுக்கில் ஏற்றினேன், கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன், மேசை ஒன்றைப் பிடித்து ஜன்னலோரம் வைத்தேன். மதிலோரம் போய், பக்கத்து வீட்டம்மாவிடம், என் அண்ணன் மகள் வருகிறாள், டொக்டருக்குப் படிக்கிறாள் என்று நானாகவே சொன்னேன். அவர், "அப்படியா, நல்லது," என்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடமாக நான் பயந்த கேள்வியை அவர் கேட்கவேயில்லை.

இரண்டு மணிக்கே விடுதிக்குப் போய்விட்டேன். மஞ்சள் சேலையை மடித்து ஒரு பையில் வைத்து எடுத்துக்கொண்டேன். அது எனக்குரியதில்லை, உரியவரிடம் சேர்த்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.

மேட்ரன் என்னைக் கண்டதும் புத்தகத்தைத் திருப்பி என் பக்கமாகத் தள்ளினார். திகதி, மாணவி, கூட்டிச் சென்றவர், உறவு, கையெழுத்து. நிலூஷாவின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று கட்டமும் வெறுமையாக இருந்தன. நான் என் பெயரை எழுதினேன். அத்தை என்று எழுதினேன். கையெழுத்தைப் போட்டேன்.

"கொழும்பால எப்ப வந்தனீங்கள்?" என்று மேட்ரன் கேட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் பேனையைக் கீழே வைக்கப் போனேன்.

"இண்டைக்கும் போடுங்கோ," என்று பக்கத்தைப் புரட்டினார். அதற்கும் போட்டேன். இதையாவது உண்மையாகப் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டே போட்டேன்.

நிலூஷா பையோடு இறங்கி வந்தாள். கூடவே வெள்ளை முந்தானை போட்ட இன்னொரு பிள்ளை, அதுதான் மின்ஹா என்று தெரிந்துகொண்டேன். கேட்டுக்கு வெளியே ஒரு முச்சக்கரவண்டி நின்றது. நான் நிலூஷாவின் பையை வாங்கக் கையை நீட்டினேன்.

"இல்ல அத்தை," என்றாள், மெதுவாக, மேட்ரனுக்குக் கேட்காமல். "நான் மின்ஹா வீட்டுக்குத்தான் போறேன். ரெண்டு பேரும் சேந்து படிக்கிறோம். வெளிய விடுறதுக்கு ஒங்க கையெழுத்துத்தான் வேணும். அதான் போட்டிட்டீங்களே."

"ரூம் ரெடி பண்ணியிருக்கேன்," என்றேன். எனக்கே என் குரல் கெஞ்சுவதாகக் கேட்டது.

"இன்னொரு நாளைக்கு வாறேன்," என்றாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை, அதே மரியாதையோடு.

கேட் வரை கூடப் போனேன். முச்சக்கரவண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கினார். என் வயதுதான் இருக்கும். கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய பணிஸ் ரொட்டிப் பை. "நீங்கதானா நிலூஷாட மாமி," என்றார். ஒரு சொல்லில்கூடக் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒரு நாளைக்கி எங்கட வீட்டுக்கும் வாங்களே."

நான் சேலைப் பையை நீட்டினேன். அவளுடைய அப்பா தந்தது, தண்ணீர் ஊற்றியவருக்கு, அது நீங்கள்தான் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

றம்லத் பையைத் திறந்து பார்த்தார். சேலைக் கரையை விரலால் தடவினார். பிறகு மடித்து என் கையிலேயே வைத்தார்.

"எனக்கெதுக்கு இது. பிள்ளைட வாப்பா உங்கள நெனச்சி எடுத்தது. நீங்க உடுக்காட்டி அவர் யோசிப்பாரே."

"அடுத்த மாசம் அப்பா வாறாரு அத்தை," என்றாள் நிலூஷா வண்டிக்குள்ளிருந்து. "அன்னைக்கு நீங்க இதத்தான் கட்டிட்டு வரணும். மறந்திராதீங்க."

வண்டி இறக்கத்தில் திரும்பி மறைந்தது. இன்னும் ஏழு மாதம், அண்ணன் வரும்போதெல்லாம் நான் இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும், அவர் என்னைப் பார்த்து மனம் குளிரவேண்டும், நான் சிரிக்கவேண்டும். அந்தப் பிள்ளை படித்து முடிக்க என்னிடமிருந்து கேட்டது அவ்வளவுதான். வேறெதற்கும் நான் உதவமாட்டேன் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அது சரியான முடிவு என்பதுதான் எனக்கு வலித்தது.

"நிலூஷான்ர கார்டியன்," என்று பின்னாலிருந்து மேட்ரன் கூப்பிட்டார். "பேனையைத் தந்திட்டுப் போங்கோ."

கையைப் பார்த்தேன். விடுதிப் பேனை என் விரலுக்குள்ளேயே இருந்தது. திரும்பிப் போய்க் கொடுத்தேன்.